பூட்டுவது ஒருவர், பட்டினி கிடப்பது வேறொருவர்

உலக வியாபாரத்தின் குரல்வளையைச் சீனா பிடித்துவிட்டது என்று பெரிய பத்திரிகைகள் ஓலமிடுகின்றன. சீனப் பொருளை வாங்காதே, சீனப் பொம்மையைக் கொளுத்து என்று தெருமுனையில் சிலர் கூச்சலிடுகிறார்கள். இன்னொரு பக்கத்தில், அமெரிக்காவை எதிர்த்து நிற்கிற நாடாயிற்றே, அதைக் குறை சொல்லலாமா என்று நம்மில் சிலரே தயங்குகிறார்கள்.

ஓலமும் வேண்டாம், தயக்கமும் வேண்டாம். மில்லில் நூற்கிறவனுக்கும், கட்டுக் கணக்கில் நாற்றுப் பறிக்கிறவனுக்கும் கணக்குத் தெரியும். ஒரு நாட்டின் அயல்நாட்டுக் கொள்கையையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பீகிங் சர்க்கார் என்ன செய்தது? ஏன் செய்தது? அதனால் யார் வீட்டு அடுப்பு அணைந்தது? இந்த மூன்று கேள்விகள் நமக்குப் போதும்.

முதலில் பூட்டியது யார்?

வியாபாரத்தை ஆயுதமாக்கும் வித்தையைச் சீனா கண்டுபிடிக்கவில்லை. கொரியா யுத்தத்தின் நடுவே, 1950 டிசம்பரில், அமெரிக்கா சீனாவுடன் தன் வியாபாரம் முழுவதையும் நிறுத்தியது. 1951 மே மாதத்தில் ஐ.நா. பொதுச் சபையும், ஆயுதம், பெட்ரோலியம், யுத்தத்துக்குப் பயன்படும் சரக்கு எதையும் சீனாவுக்கு அனுப்பக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ரப்பரும் யுத்தச் சரக்கு என்றே கருதப்பட்டது. அமெரிக்கா மாட்டிய பூட்டு 1971 வரை, இருபது ஆண்டுக் காலம் தொங்கியது.

அந்தப் பூட்டை மீறி வியாபாரம் செய்தது யார்? நம் பக்கத்திலுள்ள இலங்கை. 1952-ல் கொழும்பில் ஆண்டவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல. கம்யூனிஸ்டு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஐக்கிய தேசியக் கட்சியின் சர்க்கார் அது. டட்லி சேனநாயகா பிரதம மந்திரி. ஆனால் வயிறு கட்சி பார்ப்பதில்லை. கொரியா யுத்தக் கிராக்கி தணிந்ததும் ரப்பர் விலை சரிந்தது. அரிசி விலையோ ஏறியது. ரப்பரை விற்று அரிசி வாங்கிய இலங்கைக்கு மத்தளம்போல் இரண்டு பக்கமும் இடி.

வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயகா பீகிங்குக்குப் போனார். 1952 டிசம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பரை இலங்கை கொடுப்பது. 2,70,000 டன் அரிசியைச் சீனா கொடுப்பது. ரப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதல் விலை தருவதாகவும் சீனா ஒப்புக்கொண்டது. அமெரிக்கா கோபித்துக்கொண்டு இலங்கைக்கு உதவியை மறுத்தது. இலங்கை பின்வாங்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை அந்த ஏற்பாடு நடந்தது. தோட்டத்தில் பால் வெட்டிய சிங்களத் தொழிலாளியின் வேலையும், நம் நாட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளியின் வேலையும் அதனால் பிழைத்தன.

ஒன்றையும் மறக்கக் கூடாது. கப்பலில் அரிசி வந்துவிட்டால் பானைக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. 1953-ல் அதே கொழும்பு சர்க்கார் ரேஷன் அரிசி மானியத்தை வெட்டி, ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஆகஸ்ட் 12 அன்று இலங்கையே ஹர்த்தாலில் குதித்தது. அக்டோபரில் டட்லி ராஜிநாமாச் செய்தார். அயல்நாட்டு ஒப்பந்தம் எவ்வளவு நல்லதானாலும் உள்நாட்டில் உழைப்பவன் விழித்திருக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

அந்த ஒப்பந்தத்தில் யாரும் யார் கழுத்தையும் பிடிக்கவில்லை. இரு தரப்புக்கும் லாபம். இரு தரப்புக்கும் மரியாதை. 1954 ஏப்ரல் 29 அன்று இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட பஞ்சசீலத்தின் சாரமும் அதுதான்: ஒருவர் எல்லையை ஒருவர் மதிப்பது, தாக்காதிருப்பது, உள்விவகாரத்தில் தலையிடாதிருப்பது, சமத்துவம், சமாதான சகவாழ்வு. 1955-ல் பாண்டுங் மாநாட்டுக்குச் சூ என்-லாய் கொண்டுபோன பேச்சும் அதுவே. இந்த ஐந்தையும் அளவுகோலாக வைத்துக்கொள்வோம். அளவுகோல் நாம் செய்ததல்ல. பீகிங்கே கையெழுத்துப் போட்டது. அதைக்கொண்டே அளப்போம்.

பூட்டப்பட்டவன் கையில் சாவி

2001 டிசம்பரில் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் சீனா சேர்ந்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த கோடிக்கணக்கான சீனத் தொழிலாளிகளின் வியர்வையில் அது உலகத்தின் தொழிற்சாலையாயிற்று. 2024-ல் அதன் ஏற்றுமதி, இறக்குமதியைவிட ஏறத்தாழ 99,000 கோடி டாலர் அதிகம். இருபது ஆண்டு வெளியே பூட்டி வைக்கப்பட்டவன் கையில் இப்போது சாவிக்கொத்து இருக்கிறது. அதை அவன் எப்படிப் பயன்படுத்தினான்?

2010 செப்டம்பரில் சென்காகு தீவுகளுக்கு அருகே சீன மீன்பிடிப் படகொன்று ஜப்பானியக் காவல் கப்பல்களோடு மோதியது. படகுத் தலைவனை ஜப்பான் கைது செய்தது. உடனே ஜப்பானுக்கு அரிய மண் உலோகங்கள் போவது தடைப்பட்டது. தடை என்று பீகிங் அறிவிக்கவில்லை. ஆனால் சரக்கு துறைமுகத்தை விட்டுக் கிளம்பவில்லை.

2012-ல் ஸ்கார்பரோ திட்டு என்ற பவளப் பாறை யாருக்குச் சொந்தம் என்று பிலிப்பைன்ஸோடு தகராறு. பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்தில் பூச்சி இருக்கிறது என்று சீனத் துறைமுகங்களில் சோதனை கடுமையாயிற்று. பழம் கண்டெய்னரிலேயே அழுகியது. பாறைக்கு உரிமை கொண்டாடியது மணிலா சர்க்கார். நஷ்டம் விழுந்தது மிண்டனாவோ தீவின் வாழைத் தோட்டங்களில்.

2020-ல் கொரோனா எங்கிருந்து பரவியது என்று விசாரிக்க வேண்டும் என ஆஸ்திரேலியா கேட்டது. அடுத்த மாதமே ஆஸ்திரேலிய பார்லிக்கு 80.5 சதவீதத் தீர்வை விழுந்தது. ஒயினுக்கு 218 சதவீதம் வரை போனது. நிலக்கரிக் கப்பல்கள் சரக்கை இறக்க முடியாமல் சீனக் கரையோரம் மாதக்கணக்கில் நின்றன. அவற்றின் மாலுமிகள், நம் நாட்டவர் உள்பட, கரை இறங்க வழியின்றிக் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். கேள்வி கேட்டது கான்பெராவின் மந்திரி. தண்டனை அனுபவித்தது மாலுமி.

ஒன்றைக் கவனியுங்கள். இரும்புத் தாதுவின்மேல் மட்டும் பீகிங் கை வைக்கவில்லை. சீன உருக்காலைகளுக்கு அது வேண்டும். பார்லிக்கும் ஒயினுக்கும் மாற்று உண்டு. இரும்புத் தாதுவுக்கு அவ்வளவு சுலபமாக மாற்றில்லை. ஆகவே இது கோபத்தில் எழுந்த நடவடிக்கை அல்ல. தனக்கு வலிக்காத இடமாகப் பார்த்து, மற்றவனுக்கு வலிக்கும்படி அடித்த அடி. 2023-ல் பார்லித் தீர்வையும், 2024-ல் ஒயின் தீர்வையும் நீக்கப்பட்டன.

சமத்துவம், உள்விவகாரத்தில் தலையிடாமை என்ற பஞ்சசீல அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். அளவு குறைகிறது. குறைகிறது என்று சொல்ல நமக்குத் தயக்கம் தேவையில்லை.

சாவி எப்படிக் கைக்கு வந்தது?

2025 ஏப்ரல் 4 அன்று ஏழு வகை அரிய மண் உலோகங்களையும், அவற்றால் செய்யும் காந்தங்களையும் லைசென்ஸ் இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று சீனா உத்தரவு போட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் காந்தம். அது இல்லாமல் கார் மோட்டார் ஓடாது, ஏவுகணையும் திசை திரும்பாது. அடுத்த மாதமே சிகாகோவில் போர்டு கம்பெனியின் கார் ஆலை ஒரு வாரம் நின்றது. ஜப்பானில் சுசுகி கம்பெனி ஸ்விப்ட் கார் உற்பத்தியை நிறுத்திவைத்தது. இந்தியாவிலும் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தி குறைந்தது.

அதிசயம் ஒன்றுமில்லை. அந்தக் காந்தங்களில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் செய்யப்படுகிறது. ஏன்? அந்தத் தாது சீனாவில் மட்டுமா இருக்கிறது? இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்தில் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல் மணலிலும் அதன் கனிமம் கிடக்கிறது. ஆனால் அதைப் பிரித்தெடுப்பது அமிலமும் கதிர்வீச்சுக் கழிவும் நிறைந்த வேலை. சீனாவில் பாவோடோ நகரத்துக்கு வெளியே அந்தக் கழிவு பெரும் ஏரியாய்த் தேங்கிற்று. சுற்றியிருந்த விவசாயிகளின் தண்ணீரும் நிலமும் கெட்டன. அந்த விலையைச் சீன ஏழைகள் கொடுத்ததால் காந்தம் மலிவாயிற்று. மலிவுச் சரக்கு கிடைக்கிறதென்று மேலை நாட்டு முதலாளிகள் அங்கே ஓடினார்கள். மவுண்டன் பாஸ் 2002-ல் நின்றது.

ஆக, இந்தச் சாவியைச் சீனா திருடவில்லை. லாபம் குறைகிறதென்று மற்றவர்கள் குப்பையில் எறிந்ததை அது பொறுக்கி எடுத்துப் பட்டை தீட்டி வைத்துக்கொண்டது. இப்போது ஓலமிடுகிற கம்பெனிகள் அன்று தங்கள் ஆலைக் கதவைத் தாங்களே சாத்தியவை.

உர மூட்டை சொல்லும் கதை

காந்தம் தூரத்துச் சங்கதி என்று வயலில் நிற்கும் தோழர் நினைக்கலாம். உர மூட்டை தூரத்துச் சங்கதி அல்லவே!

2021 அக்டோபரில், யூரியாவும் பாஸ்பேட்டும் கப்பல் ஏறுமுன் தனிச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று சீனா விதி செய்தது. சோதனை என்ற பெயரில் ஏற்றுமதி சுருங்கியது. 2023-24-ல் சீனாவிலிருந்து இந்தியாவுக்குச் சுமார் 22 லட்சம் டன் டி.ஏ.பி. வந்தது, 2024-25-ல் அது 8 லட்சம் டன் சொச்சமாகச் சரிந்தது. 2025-ல் நம் நாட்டின் பல பகுதிகளில் விவசாயிகள் உரக் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். அடியுரம் இல்லாமல் நடவு தள்ளிப்போனால் நடவாளுக்கு வேலை தள்ளிப்போகும். உரம் விலை ஏறினால், முதலாளி குறைக்கப் பார்ப்பது உரத்தை அல்ல, கூலியை.

பீகிங்குக்கு இதில் நியாயமே இல்லையா? உண்டு. தன் நாட்டு விவசாயிக்கு உரம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று எந்தச் சர்க்காரும் நினைக்கலாம். 2023 ஜூலையில் நம் டில்லி சர்க்காரும் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. ஆப்பிரிக்காவில் நம் அரிசியை நம்பியிருந்த ஏழைகள் அவதிப்பட்டார்கள். தன் மக்களுக்கு முதலில் என்பது ஒன்று. ஒப்பந்தமுமில்லை, முன்னறிவிப்புமில்லை, இன்று கதவைத் திறப்பேன் நாளை சாத்துவேன் என்பது வேறொன்று. 2025 ஆகஸ்டில் சீன அயல்நாட்டு மந்திரி வாங் யீ டில்லிக்கு வந்தபோது உரம் பற்றியும் பேச்சு நடந்தது, கட்டுப்பாடு தளரும் என்று செய்தி வந்தது. மந்திரிகள் கைகுலுக்கும் நாளைப் பார்த்தா நம் பயிர் பசி எடுக்கும்?

இங்கேயும் நம் வீட்டுக் குற்றத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. பொதுத் துறையின் முதல் உர ஆலையான சிந்திரி 2002-ல் மூடப்பட்டது. மறுபடி அங்கே யூரியா உற்பத்தி தொடங்கியது 2022-ல். இருபது ஆண்டுகள் நம் கதவை நாமே பூட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்காரன் கதவைச் சாத்தினான் என்று அழுவதில் பயன் என்ன?

வாஷிங்டனின் யோக்கியதை

சீனாவின் செய்கையைக் கண்டிக்க அமெரிக்காவுக்கு என்ன யோக்கியதை? 2018-ல் சீனச் சரக்குகள்மேல் தீர்வை யுத்தம் தொடுத்தது அதுவே. சீனா பதிலுக்கு அமெரிக்க சோயா மொச்சைமேல் 25 சதவீதம் போட்டது; பிரேசிலுக்கு யோகம் அடித்தது. தன் பண்ணைக்காரர்களுக்கு நஷ்ட ஈடாக 2018, 2019 இரண்டு ஆண்டுகளில் 2,800 கோடி டாலர் ஒதுக்கியது அமெரிக்க சர்க்கார். அந்தப் பணம் விளைச்சலுக்குச் சொந்தக்காரனுக்கு. பண்ணையில் கூலி வேலை செய்பவனுக்கு அல்ல. 2022 அக்டோபரில் உயர்ந்த ரக மின்னணுச் சில்லுகளைச் சீனாவுக்கு விற்கத் தடை. 2025 ஏப்ரலில் தீர்வை ஏறி ஏறி, அமெரிக்கா 145 சதவீதம், சீனா 125 சதவீதம் என்று நின்றது.

நம் கதை என்ன ஆயிற்று? ரஷ்ய எண்ணெய் வாங்குகிறாய் என்று குற்றம் சாட்டி, 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள்மேல் தீர்வையை 50 சதவீதமாக அமெரிக்கா ஏற்றியது. திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. ஆனால் ரஷ்ய எண்ணெயை மிக அதிகமாக வாங்கும் நாடு எது? சீனா. அந்தக் குற்றத்துக்காகச் சீனாமேல் அப்படியொரு தீர்வை விழுந்ததா? இல்லை. அதன் கையில் காந்தம் இருந்தது. 2025 அக்டோபர் 30 அன்று கொரியாவின் பூசான் நகரத்தில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் உட்கார்ந்து பேசினார்கள். அமெரிக்கா தீர்வையைக் கொஞ்சம் இறக்கியது. சீனா அக்டோபரில் அறிவித்த புதுக் கட்டுப்பாடுகளை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. சாவி உள்ளவனோடு பேச்சுவார்த்தை. சாவி இல்லாதவன் முதுகில் அடி!

இதுதான் இன்றைய உலகத்தின் ஆபத்து. இதைப் பார்க்கும் ஒவ்வொரு சர்க்காரும் தானும் ஒரு பூட்டுச் சாவி தேட வேண்டும் என்றே நினைக்கும். ஒருவன் காந்தத்தைப் பூட்டுவான், ஒருவன் சில்லை, ஒருவன் எண்ணெயை, ஒருவன் அரிசியை. எல்லோரும் பூட்டிக்கொண்டபின் மிஞ்சுவது பீரங்கிப் பேச்சு.

கடலும் எல்லையும்

பீரங்கிப் பேச்சு வெறும் கற்பனையல்ல. தென் சீனக் கடலில் சீனா கேட்கும் விசாலமான உரிமைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று ஹேக் நகர மத்தியஸ்த மன்றம் 2016 ஜூலை 12 அன்று தீர்ப்புச் சொன்னது. பீகிங் தீர்ப்பை ஏற்க மறுத்தது. பாட்டன் காலத்திலிருந்து ஸ்கார்பரோ திட்டில் வலை வீசிய பிலிப்பைன்ஸ் மீனவர்களைச் சீனக் காவல் கப்பல்கள் தண்ணீர்ப் பீரங்கியால் விரட்டின. தீர்ப்பை மதி என்று அமெரிக்கா உபதேசம் செய்கிறது. 1986-ல் நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் தனக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது அதை ஏற்க மறுத்ததும் அதே அமெரிக்காதான். பெரியவர்கள் இருவரும் இந்த விஷயத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

ரப்பருக்கு அரிசி கொடுத்த அதே சீனா, 2017-ல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சீன சர்க்கார் கம்பெனி அதற்குக் கொடுத்தது 112 கோடி டாலர். சீனக் கடனே இலங்கையை மூழ்கடித்தது என்பது முழு உண்மையல்ல. இலங்கையின் வெளிக்கடனில் மிகப் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களுடையது. ஆனால் 99 ஆண்டு என்றால் மூன்று தலைமுறை. 1898-ல் ஹாங்காங்கின் புறப்பகுதியைப் பிரிட்டிஷார் சீனாவிடமிருந்து எடுத்ததும் 99 ஆண்டுக் குத்தகைக்கே. அந்த அவமானத்தைச் சீன மக்கள் மறக்கவில்லை. பீகிங் மறந்தது எப்படி? 2022 ஆகஸ்டில், இந்தியா கவலை தெரிவித்தும், யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் அதே துறைமுகத்துக்கு வந்தது. வியாபாரத் துறைமுகம் பாதுகாப்புத் தகராறாக மாற ஐந்து ஆண்டு போதுமானதாயிற்று.

இமயத்தில் 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் இந்தியச் சிப்பாய்கள் 20 பேர் மாண்டார்கள். இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் ஒருவரும் அவர்களில் ஒருவர். தன் பக்கத்தில் நால்வர் மாண்டதாகச் சீனா 2021-ல் அறிவித்தது. இரண்டு பக்கத்துச் சிப்பாயும் யார் வீட்டுப் பிள்ளை? உழைப்பாளி வீட்டுப் பிள்ளை. டில்லி என்ன செய்தது? செல்போன் செயலிகள் 59-க்குத் தடை போட்டது. அதே நேரத்தில் சீனாவிலிருந்து இறக்குமதி 2020-21-ல் சுமார் 6,500 கோடி டாலராக இருந்தது; 2024-25-ல் 11,300 கோடி டாலரைத் தாண்டியது. தெருவில் பொம்மையைக் கொளுத்தச் சொன்னவர்களின் ஆட்சியில்தான் கப்பல் நிறையச் சரக்கு இறங்கியது.

நாம் கேட்பது என்ன?

சீனப் பொருள் பகிஷ்காரம் என்ற கூச்சலில் நமக்குப் பங்கில்லை. சீன ஆலையில் இரவு ஷிப்டில் நிற்பவன் நமக்குப் பகைவனல்ல. பூட்டைப் போடும்போது அவனையும் யாரும் கேட்கவில்லை, நம்மையும் கேட்கவில்லை. நாம் கேட்பவை இவை:

உணவு, உரம், மருந்து இம்மூன்றையும் எந்தத் தகராறிலும் எந்தச் சர்க்காரும் பூட்டக் கூடாது. பீகிங்குக்கும் இது பொருந்தும், வாஷிங்டனுக்கும் பொருந்தும், டில்லிக்கும் பொருந்தும். 1952-ல் ரப்பருக்கு அரிசி என்று ஐந்தாண்டுக்கு அளவு பேசி முடித்ததுபோல, உரத்துக்கும் பல்லாண்டு ஒப்பந்தம் பேசு. அதைப் பார்லிமெண்டில் வை.

மூடிக் கிடக்கும் பொதுத் துறை உர ஆலைகளைத் திற. மணவாளக்குறிச்சி மணலைத் தொடுவதானால், கடற்கரைக் கிராமத்தாரின் சம்மதத்தோடும், வேலை செய்பவனின் உடம்புக்குப் பாதுகாப்போடும் தொடு. பாவோடோ விவசாயிக்கு நேர்ந்தது நம் மீனவனுக்கு நேரக் கூடாது.

தீர்வை யுத்தத்தால் ஆலை நின்றால் தொழிலாளிக்குச் சம்பளம் கொடு. லே-ஆப் நாளுக்குப் பாதிச் சம்பளம் என்பது சட்டம். அதுவும் 50 பேருக்குக் குறைந்த ஆலைக்கு இல்லை. திருப்பூரின் சின்னப் பட்டறைகளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவன் எந்தக் கணக்கில் வருகிறான்? முதலாளிக்கு ஏற்றுமதிக் கடன் சலுகை உண்டென்றால் தொழிலாளிக்கு வேலையிழப்பு நிவாரணமும் வேண்டும்.

எல்லைத் தகராறைப் பேசித் தீர். எத்தனை ஆண்டு பேசினாலும் ஒரு நாள் யுத்தத்தைவிட அது மலிவு.

பஞ்சசீலத்தில் கையெழுத்துப் போட்ட இரண்டு நாடுகளில் ஒன்று சீனா, மற்றொன்று நம் நாடு. அந்த ஐந்து வார்த்தைகளை நினைவூட்ட நமக்கு உரிமை உண்டு. அவற்றைக் கடைப்பிடிக்கும்படி டில்லியைக் கட்டாயப்படுத்தும் கடமையும் உண்டு. பூட்டும் சாவியும் சர்க்கார்களின் கையில் இருக்கலாம். காந்தமும் அரிசியும் நூலும் எங்கே பிறக்கின்றன? உழைப்பவன் கையில். அந்தக் கைகள் பூட்டுக்கு எந்தப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றையொன்று அறிந்துகொண்டால், இந்த வியாபார யுத்தம் நெடுநாள் ஓடாது.